பிடுங்குவதற்கு முன் ஈறைப் பாருங்கள்

அரசு மருத்துவமனைகளை நிர்வகிக்கும் உயர் அலுவலர்களுக்கு வணக்கம்.

வட்ட அரசு மருத்துவமனை ஒன்றின் பல் மருத்துவப் பிரிவில் சென்ற வாரம் என் அம்மாவின் கீழ்வரிசை முன்பற்கள் இரண்டைப் பிடுங்கினார்கள். இரண்டிலும் சொத்தை இல்லை. ஈறு நோயால் தாங்கும் எலும்பு கரைந்து ஆடிப்போன பற்கள் அவை. அந்த நிலையில் வேறு வழியில்லை என்று பொறுமையாக விளக்கிய மருத்துவரை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சர்க்கரை மாத்திரைக்காக அம்மா பல ஆண்டுகளாக மாதம் தவறாமல் போய்வந்ததும் அதே மருத்துவமனைதான் என்பதால் இதை எழுதுகிறேன்.

பல் துலக்கும்போது ரத்தம் வருகிறது என்று அவர் அங்கே சொல்லாமல் இல்லை. ஓ.பி. சீட்டில் வலி மாத்திரையும் வாய் கொப்பளிக்கும் மருந்தும் எழுதித் தந்தார்கள். பற்காரையை எடுக்கும் ஸ்கேலிங் கருவி பழுதாகிக் கிடப்பதால் மாவட்டத் தலைமை மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே போய்வர ஒரு நாள் கூலி போகும் என்பதால், வலி இல்லாதவரை பார்த்துக்கொள்ளலாம் என்று அவர் தள்ளிப்போட்டார். ஈறு நோய் பெரும்பாலும் வலிக்காமலேயே முற்றும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. இன்று சோற்றை ரசத்தில் குழையக் குழையப் பிசைந்து, கடைவாயில் ஒதுக்கி மென்று விழுங்குகிறார். யாரிடமாவது பேச நேர்ந்தால் முந்தானை வாய்க்குப் போய்விடுகிறது.

நீங்கள் அறியாதது எதையும் நான் சொல்லப்போவதில்லை. பல்லில் படியும் கிருமிப் படலத்தைத் தினமும் நீக்காவிட்டால் அது இறுகிக் காரையாகும். அதன்பின் எந்தப் பிரஷ்ஷாலும் அதை எடுக்க முடியாது. ஈறு சிவந்து ரத்தம் கசியும் கட்டத்தில் காரையை நீக்கி, இருவேளையும் ஒழுங்காகத் துலக்கினால் ஈறு பழைய நிலைக்குத் திரும்பும். எலும்பு கரையத் தொடங்கிய பிறகும் வேர்வரை சுத்தம் செய்து நோயை நிறுத்திவைக்கலாமே தவிர, இழந்த எலும்பு தானாக வளராது. சர்க்கரை நோய் ஈறு நோயைத் தூண்டுவதும், ஈற்றிலுள்ள அழற்சி சர்க்கரைக் கட்டுப்பாட்டைக் கெடுப்பதும், ஈறுக்குச் சிகிச்சை அளித்தால் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு ஓரளவு குறைவதும் ஆய்வுகளில் உறுதியானவை. அப்படியிருக்க, சர்க்கரைப் பிரிவில் பாதத்தைப் பார்க்கச் சொல்கிறவர்கள் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லாதது ஏன்?

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. நல்ல திட்டம், மனமார மதிக்கிறேன். மாத்திரை கொண்டுவரும் பணியாளர், “ஈற்றில் ரத்தம் வருகிறதா? பல் ஆடுகிறதா?” என்று கேட்டுக் குறித்துக்கொள்ள எத்தனை நேரமாகும்? புகைபிடிக்கிறவர்களிடம் ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதால், அவர்களை ரத்தம் வராவிட்டாலும் அனுப்பிவைக்க வேண்டும்.

பற்பசை கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டு முடிந்துபோகும் முகாம்கள் எங்களுக்கு வேண்டாம். காரையை எடுத்தால் பல் ஆடிவிடும் என்ற பயம் ஊரெங்கும் இருக்கிறது. கரைந்த எலும்பின் இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருந்ததால்தான், அதை எடுத்ததும் ஏற்கெனவே இருந்த ஆட்டம் தெரிகிறது என்று ஒருவர் உட்கார்ந்து விளக்கினால் அந்தப் பயம் போகும். அதற்குக்கூட ஆளில்லாத இடத்தில் சுவரொட்டி ஒட்டி என்ன பயன்?

கோபத்தில் வார்த்தை கடுமையாகியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வட்ட மருத்துவமனையிலும் இயங்கும் நிலையில் ஒரு ஸ்கேலிங் கருவி இருக்க வேண்டும். பழுதானால் எத்தனை நாளில் சரிசெய்யப்படும் என்பதை அறிவிப்புப் பலகையில் எழுத வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறையாவது ஈறுப் பரிசோதனை செய்ய வேண்டும். கருவுற்ற பெண்களுக்கு ஈறு எளிதில் வீங்கும் என்பதால் அவர்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அம்மாவின் மேல்வரிசைப் பற்களுக்கு இன்னும் சிகிச்சைக்கு வாய்ப்பு இருப்பதாக மருத்துவர் சொல்கிறார். அந்தக் கருவியை மட்டுமாவது இந்த மாதத்துக்குள் சரிசெய்து தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு சர்க்கரை நோயாளியின் மகள்