எண்களுக்குக் கட்சி கிடையாதாம்!

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழின் கேள்வி-பதில் பகுதியில் கோவை வாசகர் ஒருவர், கம்பெனிப் பணத்தில் நடக்கும் ஆய்வுகளை நம்பலாமா என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி. பதில் சொன்ன உங்கள் அறிவியல் பகுதிக்காரர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "பணம் யார் கொடுத்தால் என்ன? எண்களுக்குக் கட்சி கிடையாது." காலையில் படித்தது, ராத்திரி வரைக்கும் மனசை விட்டுப் போகவில்லை.

நான் கேத்திப் பள்ளத்தாக்கில் கேரட், பீட்ரூட், கொஞ்சம் உருளைக்கிழங்கு போடுகிறவள். சில வருடங்களுக்கு முன் ஒரு கம்பெனியிலிருந்து, கேரட் நன்றாக வளர ஒரு டானிக் அடித்துப் பார்க்கிறோம் என்று வந்தார்கள். டானிக் இலவசம், அடிக்கிற கூலியும் அவர்களுடையது. ஊரில் சிலர் சரி என்றோம். டானிக் அடிக்கும் பாத்திகளை ஓடையோரம், நல்ல கறுப்பு மண் உள்ள கீழ்மட்டத்தில் குறித்தார்கள். அடிக்காமல் விட்டு ஒப்பிடும் பாத்திகள் மேல்சரிவில், ஒரு மழை பெய்தால் மண் ரோட்டுக்கு வந்துவிடும் இடத்தில். என் மாமியார் பார்த்துவிட்டு, "கீழே நீ ஒண்ணுமே அடிக்காட்டியும் நல்லா வருமே தம்பி" என்று வந்த பையனிடம் நேராகவே சொன்னார். அவன் சிரித்துக்கொண்டே நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டான்.

எங்கள் தோட்டத்தில் இலை நுனி கருகியது. எடை போட வருகிறோம் என்றவர்கள் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் நன்றாக வந்ததை மட்டும் தராசில் வைத்தார்கள். அப்புறம் வயல் விழா, பிரியாணி, ஆளுக்கொரு தொப்பி. அச்சாகி வந்த நோட்டீஸில் 'நீலகிரி விவசாயிகளின் நிலத்தில் நிரூபணமானது' என்று கொட்டை எழுத்து. அதில் கேரட்டைப் பிடித்துக்கொண்டு நிற்பவர் என் கணவர். கேரட் பக்கத்துத் தோட்டத்துக் கேரட்.

அந்த நோட்டீஸில் ஓர் எண்கூடப் பொய் இல்லை ஐயா. தராசும் சரியான தராசுதான். எந்தப் பாத்தியை எதோடு ஒப்பிடுவது, எந்தத் தோட்டத்தை எடை போடாமலே விடுவது என்று முடிவு செய்தவர்கள் பணம் போட்டவர்கள். எண் பிறப்பதற்கு முன்பே கட்சி சேர்ந்துவிடுகிறது. இது ஒரு விவசாயிக்குத் தெரிகிறது, பத்திரிகையில் அறிவியல் எழுதுகிறவருக்குத் தெரியவில்லை என்றால் எப்படி?

சர்க்கரைக் கதை தங்களுக்குத் தெரியாததல்ல. 1960-களில் அமெரிக்கச் சர்க்கரை ஆலைக்காரர்களின் ஆராய்ச்சி அமைப்பு, ஹார்வர்டு விஞ்ஞானிகளுக்கு 6,500 டாலர் கொடுத்து ஒரு கட்டுரை எழுத வைத்தது. 1967-ல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' அதை வெளியிட்டது. இதய நோய்க்குக் காரணமாகக் கொழுப்பைக் கைகாட்டி, சர்க்கரைக்கு எதிரான ஆய்வுகளையெல்லாம் நொட்டை சொல்லி ஒதுக்கிய கட்டுரை அது. பணம் கொடுத்தவர் பெயர் அதில் இல்லை. பழைய கடிதங்களைத் தோண்டி எடுத்து 2016-ல்தான் அதை வெளியே கொண்டு வந்தார்கள். இதற்கு நடுவில் எத்தனை வீட்டில் நெய்யைப் பூட்டி வைத்துவிட்டுக் காப்பியில் மூன்று ஸ்பூன் போட்டிருப்பார்கள்!

குளிர்பானம், பழச்சாறு, பால் பற்றிய ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்து 2007-ல் ஒரு கணக்கு வெளியானது. செலவு முழுவதும் கம்பெனியுடையது என்றால், முடிவு கம்பெனிக்குச் சாதகமாக வரும் வாய்ப்பு நாலு முதல் எட்டு மடங்கு அதிகம். உங்கள் பகுதிக்காரர் எண்களைத்தானே நம்புகிறார், இந்த எண்ணையும் நம்பட்டும்.

பத்திரிகைத் தொழிலையும் விட்டுவிட முடியாது. 1954 ஜனவரி 4-ம் தேதி அமெரிக்காவில் நானூறுக்கும் மேற்பட்ட பத்திரிகைகளில் சிகரெட் கம்பெனிகள் சேர்ந்து ஒரு முழுப் பக்க விளம்பரம் கொடுத்தன. எங்கள் சரக்கு உடம்புக்குக் கெடுதல் என்று நாங்கள் நினைக்கவில்லை, இருந்தாலும் ஆராய்ச்சிக்குப் பணம் தருகிறோம் என்றன. அந்தப் பக்கத்துக்குக் காசு வாங்கியது யார் என்று நான் சொல்லித் தங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த ஞாயிறு இதழில் கேள்வி-பதிலுக்கு எதிர்ப்பக்கம் என்ன விளம்பரம் இருந்தது என்றும் ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

கம்பெனி பணம் கொடுத்தாலே ஆய்வு பொய் என்று நான் சொல்லவில்லை. பூச்சி மருந்துக்குப் பதிவு கேட்கும் கம்பெனிதான் சோதனை விவரங்களையும் தர வேண்டும் என்பது இங்கே நடைமுறை. அந்தச் செலவையும் அரசே ஏற்றால் அது என் வரிப்பணம். சரி, தரட்டும். ஆனால் கம்பெனி எந்தக் கேள்வியைக் கேட்கவே கேட்காது என்று யோசித்துப் பாருங்கள். உருளைக்கிழங்கைக் கெடுக்கும் நூற்புழு 1961-ல் இந்த மலையில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. அதைத் தாங்கி நிற்கும் குஃப்ரி ஸ்வர்ணா ரகம் 1985-ல் வந்தது. அரசுப் பணத்தில், இங்கே முத்தோரை உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தின் உழைப்பில் வந்தது. நூற்புழுவுக்கு மருந்து விற்கிறவர், மருந்தே தேவைப்படாத ஒரு கிழங்கை உண்டாக்கக் காசு போடுவாரா? பிடிக்காத முடிவை அப்புறம் மறைத்துவிடாமலிருக்க, மனிதர்களுக்கு மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனையைத் தொடங்கும் முன்பே பதிவு செய்ய வேண்டும் என்று இங்கே 2009-லிருந்து விதி இருக்கிறது. எங்கள் கேரட்டுக்கு அந்த மரியாதைகூடக் கிடையாது.

அரசிடம் பணம் இல்லையே, கம்பெனிதானே தருகிறது என்று அடுத்த வாரம் பதில் வரும். இருக்கிற அரசு நிலையத்தை என்ன செய்தார்கள்? குன்னூரில் 1907-லிருந்து இருக்கும் பாஸ்டர் நிலையம் தடுப்பூசி தயாரிக்கும் உரிமத்தை 2008 ஜனவரியில் நிறுத்தி வைத்தார்கள். தங்கள் பத்திரிகையில் அது ஒரு பத்திச் செய்தி. மே மாதம் மலர் கண்காட்சிக்கு முழுப் பக்கம், அதுவும் வண்ணத்தில். நாங்கள் உயிரோடு இருப்பது தங்களுக்கு மே மாதத்தில்தான் ஞாபகம் வரும். ஒருமுறை கோத்தகிரியைக் கொடைக்கானலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தீர்கள். கொடைக்கானல் என்றதும் சொல்கிறேன்: 2001-ல் மூடிய தெர்மாமீட்டர் ஆலையில் பாதரசம் எவ்வளவு பரவியது என்று ஆராய்ந்தது, ஆலைக்காரர்களே அமர்த்திய ஆலோசனை நிறுவனம். முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் சமரசம் ஏற்பட 2016 ஆனது. அங்கேயும் எண்களுக்குக் கட்சி இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. 'ஆய்வில் தகவல்' என்று போடும் ஒவ்வொரு செய்தியின் கீழும், அந்த ஆய்வுக்குப் பணம் கொடுத்தது யார் என்று ஒரு வரி போடுங்கள். ஆய்வுக் கட்டுரையின் கடைசியிலேயே பெரும்பாலும் அது இருக்கும், உங்கள் நிருபர் அதுவரை படித்தால் போதும். ராசிபலனுக்கு அரைப் பக்கம் கொடுக்கிறவர்களுக்கு ஒரு வரி பாரமாகாது. கோவை வாசகருக்கும் அதே பகுதியில், அதே அளவு எழுத்தில் ஒழுங்கான பதில் தரச் சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தைச் சுருக்குவதானால் என் கோபத்தைச் சுருக்குங்கள், ஆண்டுகளிலும் தொகைகளிலும் கை வைக்க வேண்டாம். மேட்டுப்பாளையம் மண்டி கமிஷன் பற்றிப் போன முறை எழுதியபோது கணக்கையெல்லாம் எடுத்துவிட்டு 'நீலகிரி வாசகி வேதனை' என்று தலைப்புப் போட்டீர்கள். எனக்கு வேதனை ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
ஒரு காய்கறி விவசாயி,
கேத்தி, நீலகிரி மாவட்டம்.