விமானம் வந்து சேர்ந்துவிட்டது

அன்பு நண்பா,

விமானம் வந்துவிட்டது, கொஞ்சம் தாமதமாக. செஸ்னா 172 என்ற சின்ன விமானம், பழையதுதான், எனக்குப் புதுசு. மெக்கானிக்கை வைத்து எஞ்சின் கம்ப்ரஷன், பழுதுபார்த்த விவரம் எழுதிய லாக் புத்தகங்கள் எல்லாம் பார்த்துத்தான் வாங்கினேன். நீ கேட்டது நானே அதை ஓட்டிக்கொண்டு வந்த வழியைப் பற்றி, அதைச் சொல்கிறேன்.

பாதி வழியில் மேகம் இறங்க ஆரம்பித்தது, கூடவே தூறல். பழகிய விமானமாக இருந்தால் வெளியே மட்டும் பார்த்துக்கொண்டு வந்திருப்பேன். இதில் ஒவ்வொரு சத்தத்துக்கும் காது போனது. கதவோரம் காற்று சீறுகிறதே, அது இதன் வழக்கமா, இன்றைக்குத்தானா? எரிபொருள் முள் இஷ்டத்துக்கு ஆடியது. நல்லவேளை, கிளம்பும் முன்பே இறக்கை மேல் எட்டிப் பார்த்து, டேங்கில் குச்சி விட்டு அளந்திருந்தேன்.

அப்புறம், எஞ்சின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் த்ராட்டிலைத் தொடாமலே ஆர்பிஎம், அதாவது எஞ்சின் சுழலும் வேகம், மெதுவாக இறங்கியது. எரிபொருளையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரில் பனி கட்டுகிறது என்று நினைத்தேன். அதற்குள் சூடான காற்றை அனுப்பும் ‘கார்புரேட்டர் ஹீட்’ குமிழை முழுதாக இழுத்தேன். ஆர்பிஎம் இன்னும் இறங்கி, எஞ்சின் குலுங்கியது. குமிழை மறுபடி உள்ளே தள்ளிவிடலாமா என்று கை துடிக்கும் நேரம் அது. உருகிய பனி எஞ்சினுக்குள் போவதால்தான் குலுங்குகிறது என்று தெரிந்ததால் பொறுத்தேன். ஆர்பிஎம் முள் மெல்ல ஏறியது. வெளியே 15 டிகிரி இருக்கும்போது பனியா என்று கேட்பாய். எரிபொருள் ஆவியாகும்போது கார்புரேட்டர் உள்ளே வெப்பம் வெளியே இருப்பதைவிட 20 டிகிரிக்கு மேலேயும் குறைந்துவிடும். காற்றில் ஈரம் இருந்தால் போதும்.

முன்னால் குன்றுகள் மேகத்துக்குள் மறைந்திருந்தன. மேகத்துக்குள் கருவிகளை மட்டும் பார்த்துப் பறக்கும் பயிற்சி எனக்கு இல்லை. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் அந்தப் பயிற்சி இல்லாத 20 பேரை மேகத்துக்குள் போனதுபோன்ற நிலையில் வைத்துப் பார்த்தார்கள். சராசரியாக 178 வினாடியில் கட்டுப்பாடு கைவிட்டுப் போனது. வினாடிக்கு 3 டிகிரி வீதம் திரும்பினால் ஒரே நிமிடத்தில் வந்த திசைக்குத் திரும்பிவிடலாம். திரும்பினேன். தாண்டி வந்த சின்ன ஓடுதளத்தில் இறங்கி, இரவு தங்கி, மறுநாள் தெளிந்த வானத்தில் வந்தேன்.

‘இன்றைக்கே வருகிறேன்’ என்று வீட்டில் யாரிடமும் சொல்லாமல் கிளம்பியதுதான் அன்றைக்கு உதவியது. காத்திருப்பவர்கள் இருந்தால் திரும்ப மனசு வராது. புது விமானத்தைக் காட்டும் ஆசை இருக்கிறதே, மேகத்தைவிட அதற்குத்தான் நான் பயப்படுகிறேன்.

நீயும் ஒன்று பார்த்து வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். அதன் எஞ்சின் கார்புரேட்டரா, கார்புரேட்டரே இல்லாத ஃப்யூயல் இன்ஜெக்ஷனா? வாங்கினால், ஓட்டிக்கொண்டு வரும்முன் அங்கேயே ஓடுதளத்தைச் சுற்றி நாலு வட்டமாவது போட்டுவிடு. விவரமாக எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி