வழியில் ஒன்றும் இல்லையாம்!

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த செட்டிநாட்டுப் பயணக் கட்டுரையை வரி விடாமல் படித்தேன். பர்மா தேக்குத் தூண்களையும் ஆத்தங்குடித் தரைக் கற்களையும் கட்டுரையாளர் மனமாரப் புகழ்ந்திருக்கிறார்; கந்தரப்பத்துக்கும் கவுனி அரிசிக்கும் தனித்தனிப் பத்தி ஒதுக்கியிருக்கிறார். அதில் எனக்கு மனக்குறை ஏதுமில்லை. ஆனால், "காரைக்குடியிலிருந்து திருப்பத்தூர் செல்லும் வழியில் பிள்ளையார்பட்டியைத் தவிர இறங்கிப் பார்க்கத்தக்கது எதுவும் இல்லை, ஒரு குட்டித் தூக்கம் போடலாம்" என்ற வரியைத் தாண்டிச் செல்ல என்னால் முடியவில்லை. தூங்கிக்கொண்டு வந்தவர் கண்ணில் எதுவும் படாததில் வியப்பில்லை. அதை அப்படியே அச்சேற்றிய தாங்கள் விழித்திருந்தீர்களா என்பதே என் ஐயம்.

அவர் தூங்கிய சாலையில்தான் குன்றக்குடி இருக்கிறது. பெரிய மருதுவுக்கு வந்த ராஜபிளவை என்னும் கொடிய கட்டி அந்த முருகன் கோயில் திருநீற்றால் ஆறியது என்று ஊரார் இன்றும் சொல்வார்கள். நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். மருது சகோதரர்கள் அங்கே செய்த திருப்பணியோ யாருடைய நம்பிக்கையையும் எதிர்பார்த்து நிற்கவில்லை. அதைக் கடந்தால் சிராவயல். தங்கள் நாளிதழுக்குச் சிராவயல் என்றால் தை மாதத்து மஞ்சுவிரட்டுப் படம் மட்டுமே. பின்னாளில் பொதுவுடைமைத் தலைவரான ப. ஜீவானந்தம் இளமையில் அங்கே ஆசிரமம் நடத்தியதையும், 1927இல் செட்டிநாட்டில் சுற்றுப்பயணம் செய்த காந்தியடிகள் அவரைச் சந்தித்து, இந்தியாவின் சொத்து நீங்கள்தான் என்று சொன்னதையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

சாலை போய்ச் சேரும் திருப்பத்தூரில்தான் 1801 அக்டோபர் 24 அன்று மருது சகோதரர்கள் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். வெள்ளையரை எதிர்த்து எல்லாச் சாதியாரும் எழ வேண்டும் என்று சின்ன மருது விடுத்த ஜம்புத்தீவுப் பிரகடனம் திருச்சிக் கோட்டையிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்டு அப்போது ஐந்து மாதங்கூட ஆகவில்லை. அவருடைய மகன் துரைச்சாமியையும் உடனிருந்தவர்களையும் 1802இல் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். திருப்பத்தூரில் நினைவிடம் இருக்கிறது, மறுக்கவில்லை. நான் கேட்பது, அவ்விடத்துக்கு வந்து சேரும் வழியில் இவை எதையும் ஒரு வழிப்போக்கன் எப்படித் தெரிந்துகொள்வான் என்பதைத்தான்.

திருப்பத்தூர் என்றதும் இன்னொன்று நினைவுக்கு வருகிறது. வடக்கே 2019இல் திருப்பத்தூர் மாவட்டம் உருவான பிறகு, மருதிருவர் நினைவு நாள் செய்தியில் அந்த மாவட்டத்தின் பெயரைப் போட்டு வெளியிட்டீர்கள். அன்றும் எழுதினேன்; என் கடிதம் வெளிவரவில்லை, திருத்தமும் வரவில்லை. கையில் தடியுடன் இருக்கும் பாரதியார் படத்தைச் செப்டம்பர் மாதந்தோறும் அச்சிடுகிறீர்களே, அது 1919இல் அவர் காரைக்குடிக்கு வந்தபோது எடுக்கப்பட்டது என்று ஒரு வரி சேர்த்தால் தாளில் இடம் போதாமற் போய்விடுமா?

இந்தச் சாலையோரத்தில் பலகைக்கு ஒன்றும் பஞ்சமில்லை. நகைக்கடைக்குப் பலகை உண்டு. பாரம்பரிய விடுதிக்கு அம்புக்குறி உண்டு. யாரோ ஒருவரின் பிறந்த நாளுக்குப் பத்தடி உயரத்தில் பிளெக்ஸ் உண்டு. வரலாற்றுக்கென்று வைக்கப்படும் பலகையோ சுவரொட்டி ஒட்ட வசதியான உயரத்தில் நிற்பதுதான் நான் கண்டது.

நான் நில அளவராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். புலப்படத்தைக் கையில் வைத்துக்கொண்டு புதருக்குள் கல் தேடிப் பழகிய கண் என்னுடையது. எங்கள் ஊர் விலக்கில் ஒரு சுமைதாங்கி இருந்தது. இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைக் குறுக்கே கிடத்திய எளிய அமைப்பு. தலைச்சுமையோடு சந்தைக்கு நடந்தவர்கள், இறக்கிவிட ஆளில்லாத வழியில், பிறர் துணையின்றிச் சுமையை வைத்து இளைப்பாறுவதற்காக எழுப்பப்பட்டது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது நம் நாட்டு வழக்கம் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். எங்கள் ஊர்க் கல்லிலும் பாதி தேய்ந்த எழுத்துகளில் ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. சாலையை அகலப்படுத்த வந்த பொக்லைன் இயந்திரம் ஒரு காலைப்பொழுதில் அதைப் பெயர்த்துப் பள்ளத்தில் தள்ளியது. உரிய அலுவலகத்துக்கு மனுவோடு போனேன். அங்கிருந்தவர் மிகப் பணிவாக, "ஐயா, அந்தக் கல்லுக்குப் பட்டா இருக்கிறதா?" என்று கேட்டார். சர்வே கல்லைப் பிடுங்கினால் தண்டனை உண்டு என்று பணிக்காலமெல்லாம் ஊராரை எச்சரித்து வந்த எனக்கு, அவருக்குச் சொல்ல ஒரு பதில்கூட வாயில் வரவில்லை. அப்போதும் தங்கள் பகுதி நிருபரிடம் படத்துடன் விவரம் கொடுத்தேன். அந்த வாரம் வெளிவந்தது சாலை அகலமானதைப் பாராட்டும் செய்திதான்.

ஊருக்கு ஊர் மணிமண்டபம் கட்டச் சொல்லி நான் எழுதவில்லை. குன்றக்குடி விலக்கிலும் சிராவயலிலும் திருப்பத்தூர் நுழைவாயிலிலும், பேருந்தில் அமர்ந்திருப்பவர் படிக்கும் அளவில், நடந்தது என்ன, எந்த ஆண்டு என்ற இரண்டு செய்திகளைத் தாங்கிய ஒரு பலகை நின்றால் போதும். அதை வைக்க வேண்டியவர்களுக்கு வேறு வழியில் எழுதிக்கொள்கிறேன். தங்களிடம் நான் வேண்டுவது இவ்வளவுதான்: அடுத்த ஞாயிறு இணைப்பில், அந்தக் கட்டுரை வந்த அதே பக்கத்தில், அந்த வரி தவறு என்று ஒரு திருத்தம் போடுங்கள். அதில் இந்த மூன்று ஊர்களின் பெயரையும் எழுத்துப் பிழையின்றி அச்சிடுங்கள். திருப்பத்தூருக்கு முன்னால் சிவகங்கை மாவட்டம் என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
நீண்டகாலச் சந்தாதாரர்,
ஓய்வுபெற்ற நில அளவர்,
குன்றக்குடி வழி.