செயலாளர் ஆண்டறிக்கை: சைக்கிளுக்கு நாமே செய்த விளக்கு

தலைவர் அவர்களுக்கும் பொதுக்குழு உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

ஞாயிறு சவாரிகள் இந்த ஆண்டும் நடந்தன. மழை மாதங்களில்தான் ஆள் குறைந்தது. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் விரிவாகச் சொல்ல வேண்டியது விளக்குப் பட்டறையைப் பற்றி.

விடியுமுன் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு விளக்கு பெரிய குறை. பழைய டைனமோ சிக்னலில் நின்றதும் அணைந்துவிடும். கடையில் வாங்கும் விளக்குகள் பலவற்றில் பேட்டரி போனால் மொத்தத்தையும் தூக்கிப்போட வேண்டியதுதான். சரி, நாமே செய்துவிடுவோம் என்று சென்னையில் மின்னணுப் பொருட்கள் விற்கும் ரிச்சி தெருவுக்குப் போய் 3 வாட் வெள்ளை எல்இடி, 18650 என்ற அளவிலான, திரும்பத் திரும்பச் சார்ஜ் ஏற்றும் லித்தியம் செல், 4.2 வோல்ட்டில் சார்ஜை நிறுத்தும் சின்ன போர்டு எல்லாம் வாங்கி வந்தோம்.

செல்லை நேராக எல்இடிக்குக் கொடுத்தால் என்ன என்று பலர் கேட்டார்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய செல்லில் 4.2 வோல்ட் இருக்கும், எல்இடிக்கு 3.3 வோல்ட் அளவே போதும். சூடாகச் சூடாக எல்இடி இன்னும் அதிக மின்சாரத்தை இழுத்துக் கடைசியில் கருகிவிடும். அதனால் நடுவில் ஏஎம்சி 7135 சிப் வைத்தோம். ஒரு சிப் 350 மில்லிஆம்பியருக்கு மேல் விடாது. இரண்டைப் பக்கவாட்டில் இணைத்தால் 700. 2600 மில்லிஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள நல்ல செல்லில் மூன்று மணி நேரம் தாராளமாக எரிகிறது. 9900 என்று அச்சடித்த செல்லை யாராவது மலிவாகத் தந்தால் வாங்காதீர்கள். இந்த அளவுச் செல்லில் 3500 கிடைத்தாலே பெரிது.

சூட்டை வெளியேற்ற, ஜன்னல் செய்யும் பட்டறையில் கழித்துப்போட்ட அலுமினியச் சேனல் துண்டுகளே போதுமானதாக இருந்தன. சூட்டைக் கடத்தும் பசையான தெர்மல் பேஸ்ட் தடவி எல்இடியை அதில் திருகினோம். சைக்கிள் ஓடும்போது காற்று பட்டுச் சூடு தணிகிறது. நின்றபடி வெகுநேரம் எரியவிடக் கூடாது. ஒயர் நுழையும் துளை கீழ்ப்பக்கம் பார்த்து இருந்தால் மழைக்கும் பயமில்லை.

உண்மையான தலைவலி வெளிச்சம் அதிகமானதில்தான் வந்தது. வட்ட லென்ஸ் போட்ட விளக்குகள் எதிரில் வருகிறவர் கண்ணில் நேராக அடித்தன. ஓர் ஆட்டோக்காரர் வண்டியை நிறுத்தியே திட்டிவிட்டுப் போனார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஜெர்மனியில் சைக்கிள் முன்விளக்கின் ஒளி மேலே போகாமல் வெட்டப்பட்டிருக்க வேண்டும் என்று விதியே உண்டு. நாமும் ஒளியை அகலவாக்கில் பரப்பும் லென்ஸுக்கு மாறினோம். மேலே சின்னத் தகர மறைப்பு, அப்புறம் ஒளியின் நடுப்பகுதி பத்து மீட்டர் தூரத்தில் தரையில் விழும்படி சாய்வு. வெளிச்சம் குறைந்துவிட்டதாகச் சிலருக்கு இன்னும் மனக்குறை. குழி தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

பின்விளக்கு வேலை பாதியில் நிற்கிறது. அதை முடிக்கவும், சங்கத்துக்கென ஒரு சாலிடரிங் அயர்ன், மல்டிமீட்டர் வாங்கவும் பொதுக்குழுவின் ஒப்புதலைக் கோருகிறேன். வட்ட லென்ஸை இன்னும் மாற்றாதவர்கள் அடுத்த ஞாயிறு விளக்கோடு வரவும்.

இப்படிக்கு,
செயலாளர்