ஒரே வீட்டில் இரண்டு பாஸ்போர்ட்

ஆசிரியருக்கு,

அமெரிக்காவில் வளரும் நம் பிள்ளைகள் வேரற்றுப் போகிறார்கள் என்று சென்ற இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. தமிழ் பேசப் பழக்குங்கள், கோயிலுக்கு அழைத்துப் போங்கள், பரதநாட்டியம் கற்றுக்கொடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்பது அதன் சாரம். நியூ ஜெர்சியில் வார இறுதித் தமிழ்ப்பள்ளி ஒன்றில் பாடம் நடத்துகிறவள் நான். தமிழ் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. ஆனால் தாங்கள் யார் என்று என் வகுப்புப் பிள்ளைகளில் பலர் தடுமாறுவதற்குப் பெரிய காரணம் விசா. கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

எச்-1பி என்னும் தற்காலிக வேலை விசாவில் வந்த பெற்றோர், இந்தியாவில் பிறந்த மூத்த மகள், இங்கே பிறந்த இளைய மகன். இப்படிப்பட்ட குடும்பங்கள் எங்கள் பகுதியில் தெருவுக்குத் தெரு உண்டு. இளையவன் பிறந்த அன்றே அமெரிக்கக் குடிமகன். இரண்டு வயதில் விமானம் ஏறிய மூத்தவள் எச்-4 விசாவில் இருக்கிறாள்; எச்-1பி வைத்திருப்பவரின் துணைக்கும் இருபத்தொரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கும் தரப்படுவது அது. ஒரே பள்ளி பஸ், ஒரே உச்சரிப்பு. சிறு வயதில் வேறுபாடு தெரியாது. பதினாறு வயதில் தோழிகள் ஐஸ்கிரீம் கடையில் பகுதிநேர வேலைக்குப் போகும்போது தனக்கு அந்த அனுமதி இல்லை என்று அறிகிறாள். கல்லூரிக்கு விண்ணப்பிக்கும்போது மத்திய அரசின் கல்வி உதவி தனக்குக் கிடையாது என்று அறிகிறாள். இருபத்தொரு வயது கடந்தால், பொதுவாகப் பெற்றோரின் கிரீன் கார்டு (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) விண்ணப்பத்திலிருந்தே அவள் பெயர் விழுந்துவிடும். அரங்கேற்றத்துக்குக் கல்யாணச் செலவு செய்யும் பெற்றோர்கள்கூட இந்த விஷயத்தைப் பிள்ளையிடம் கடைசிவரை வாய்விட்டுச் சொல்வதில்லை. எனக்கு இதில் கோபம் உண்டு.

அதற்குள் கிரீன் கார்டு வந்துவிடாதா என்று ஊரில் கேட்கிறார்கள். 1990-ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி வேலையின் அடிப்படையில் தரப்படுபவை ஆண்டுக்குச் சுமார் 1,40,000. மனைவி, மக்களும் இந்தக் கணக்குக்குள்தான். பொதுவாக எந்த ஒரு நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது. இந்தியாவுக்கும் ஐஸ்லாந்துக்கும் ஒரே வரம்பு. அதனால் இந்தியர்களின் வரிசை ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. வரிசை எதுவரை நகர்ந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதந்தோறும் வெளியிடும் விசா புல்லட்டினை ராசிபலன் போலப் படிக்கும் வீடுகள் இவை.

இருபத்தொன்றைத் தாண்டியும் இங்கேயே படிப்பைத் தொடர வேண்டுமென்றால் மாணவர் விசாவுக்கு மாறுவதுதான் வழக்கமான வழி. அந்த விசாவுக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. படிப்பு முடிந்ததும் சொந்த நாட்டுக்குத் திரும்பிவிடுவேன், என் வீடு அங்கேதான் இருக்கிறது என்று காட்ட வேண்டும். "நீ இந்தியப் பெண்" என்று அம்மா சொல்லும்போதெல்லாம் "நான் அமெரிக்கப் பெண்" என்று மல்லுக்கு நின்ற பிள்ளை, அரசாங்கத்திடம் போய்த் தன் வீடு திருச்சியில் இருக்கிறது என்கிறாள். திருச்சியில் அவளுக்குத் தெரிந்தது தாத்தா வீட்டு மொட்டைமாடி மட்டும்தான். என்னிடம் படித்த ஒருத்தி, "இதில் எது பொய், ஆன்ட்டி?" என்று கேட்டாள். திருக்குறளை ஒப்பிக்க வைத்து இதைத் தீர்க்க முடியுமா என்று கட்டுரையாளர்தான் சொல்ல வேண்டும்.

2012-இல் ஒபாமா அரசு கொண்டுவந்த டாக்கா (DACA) திட்டம், சிறு வயதில் அமெரிக்கா வந்த, குடியேற்ற ஆவணம் இல்லாத இளைஞர்களை நாடு கடத்தாமல் காப்பதற்கானது. முறையாக விசா வாங்கி, அந்த விசாவைக் காலாவதியாக விடாமல் காத்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. 2025 ஜனவரி 20 அன்று அதிபர் டிரம்ப் கையெழுத்திட்ட ஆணை, தாய் தற்காலிக விசாவில் இருந்து, தந்தையும் குடிமகனாகவோ கிரீன் கார்டு பெற்றவராகவோ இல்லாவிட்டால், முப்பது நாள் கழித்துப் பிறக்கும் குழந்தைக்கும் குடியுரிமை இல்லை என்றது. நீதிமன்றங்கள் தடை விதித்தன. ஆனாலும் அந்த வாரங்களில் எங்கள் பள்ளி வாசலில் கர்ப்பிணிகள் பேசிக்கொண்டது தேதிக் கணக்கைத்தான்.

சட்டம் பிள்ளைகளின் பண்பாட்டை மாற்றிப்போடுவது இங்கே பழைய கதை. 1917-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியாவிலிருந்து ஆட்கள் வரும் வழியை ஏறக்குறைய அடைத்துவிட்டது. கலிபோர்னியாவின் இம்பீரியல் பள்ளத்தாக்கில் விவசாயம் செய்துகொண்டிருந்த பஞ்சாபி ஆண்களில் பலர் மெக்சிகோ வம்சாவளிப் பெண்களை மணந்தார்கள். பிள்ளைகளுக்கு ஸ்பானிஷ் முதற்பெயர், சிங் என்று பின்பெயர், வீட்டில் தாயின் மொழி. 1923-இல், அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய பகத் சிங் தின்ட் என்பவரே வெள்ளையர் அல்லர், ஆகவே குடியுரிமைக்குத் தகுதி இல்லை என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்தியர்களுக்கு அந்தக் கதவைத் திறந்த சட்டம் வருவதற்கு 1946 ஆகிவிட்டது. அந்தக் குழந்தைகளிடம் போய்ப் பஞ்சாபி ஏன் பேசவில்லை என்று கேட்பது எவ்வளவு நியாயமோ, அவ்வளவுதான் நம் கட்டுரையாளரின் கேள்வியும்.

"விடுமுறைக்குக்கூட ஊர்ப்பக்கம் தலைகாட்டுவதில்லை" என்று அவர் குறைப்பட்டிருக்கிறார். எச்-4 விசாவின் முத்திரை காலாவதியாகியிருந்தால், இந்தியா வந்த பிறகு தூதரகத்தில் நேர்முகத் தேதி வாங்கி, புது முத்திரை பெற்றுத்தான் திரும்ப முடியும். தேதி கிடைக்காமல் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்டால் பிள்ளையின் பள்ளியும் போகும், தகப்பனின் வேலையும் போகும். அதனால் பலர் கிளம்புவதே இல்லை. அமெரிக்கக் குடிமகனான தம்பி, வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்கு இந்திய அரசு தரும் ஓசிஐ அட்டையை வைத்துக்கொண்டு நினைத்தபோது வந்துபோகலாம். இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் அக்காதான் பாட்டியின் காரியத்தைக் கைப்பேசியில் பார்க்கிறாள்.

அடுத்த முறை இந்தப் பொருளில் எழுதுகிறவரை, இந்த மூத்த பிள்ளைகள் சிலரிடமும் பேசிவிட்டு எழுதச் சொல்லுங்கள். தமிழிலேயே பேசலாம், என் வகுப்பில் நன்றாகத் தமிழ் படிப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி
நியூ ஜெர்சி