பறக்கும் படகுகளோடு ஓர் ஆண்டு: சங்கச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழு நண்பர்களே, உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நமது மாதிரி விமான ஆர்வலர் சங்கத்தின் கடந்த ஆண்டு நடவடிக்கைகளை உங்கள் முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். அதில் நான் கை வைக்கப் போவதில்லை. மாதக் கூட்டங்கள், அடைமழை மாதம் தவிர, ஒழுங்காக நடந்தன. அவ்வளவு மழை பெய்தும் நம் ஏரி நிறையவில்லை என்பது வேறு விஷயம். இந்த அறிக்கையே அதனால்தான் இப்படி அமைந்திருக்கிறது.

சென்ற பொதுக்குழுவில் இந்த ஆண்டுக்குப் பறக்கும் படகுகள் என்று முடிவெடுத்தோம். மிதவை கட்டிய விமானம் அல்ல. உடலே படகாக இருக்கும் விமானம். கேட்டலினா ஒன்று, டோர்னியர் வால் ஒன்று (இரண்டும் பழைய பறக்கும் படகு வகைகள்; 'வால்' என்பது இங்கே விமானத்தின் பெயர்) என இரண்டு ரிமோட் மாதிரிகளைச் செய்தோம். இரண்டும் தயாரானபோது ஏரியில் முழங்கால் அளவு தண்ணீர்கூட இல்லை. இருந்த கொஞ்சத்தையும் ஆகாயத்தாமரை மூடியிருந்தது. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்றார்கள் மூத்தவர்கள். "படகைத் தரையிலிருந்து கிளப்பினவங்க உலகத்துல யாருமே இல்லையா சார்?" என்று கல்லூரி மாணவர் ஒருவர் கேட்டார். மிச்ச மாதங்களை அந்தக் கேள்வியே எடுத்துக்கொண்டது.

இருக்கிறார்கள். அதில் நாம் அதிகம் பேசியது நார்வேயின் துருவப் பயணி ஆமுண்ட்சென் குழுவைப் பற்றித்தான். 1925 மே 21 அன்று ஆறு பேர், என்-24, என்-25 என்ற இரண்டு டோர்னியர் வால் படகுகளில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவிலிருந்து வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்டார்கள். புறப்பட்டதே உறைந்த கடல் மேல் வழுக்கிக்கொண்டுதான். டோர்னியர் வாலின் உடல் டுராலுமின் என்ற அலுமினியக் கலவைத் தகடு. பனிக்கட்டியில் உரசினாலும் தாங்கும். வடக்கே 87 டிகிரி 44 நிமிடம் வரை போய் இறங்கினார்கள். என்-24 சேதமாகிக் கைவிடப்பட்டது. இனி ஆறு பேரும் ஒரே படகில் திரும்ப வேண்டும். அதற்கு ஓடுபாதை வேண்டும். வெட்டிய பாதை பிளக்கும், பனிக்கட்டி நகர்ந்து வந்து நெருக்கும், மறுபடி வேறு இடம் தேட வேண்டும். மூன்று வாரத்துக்கு மேல் இதே பாடு. கையில் சரியான கருவிகள்கூட இல்லை; சறுக்குக் கோலில் கத்தியைக் கட்டிக்கொண்டு வெட்டியிருக்கிறார்கள். எல்லாம் சேர்த்துச் சுமார் 500 டன் பனியை அகற்றியதாகச் சொல்வார்கள். ஆனால் கடைசிப் பாதைக்கு வழி காட்டியது குழுவில் ஒருவரான ஓம்டால் கண்ட ஒரு சின்ன விஷயம்: பனியை அள்ளிக் கொட்டுவதைவிட, மிதித்துக் கெட்டியாக்குவது சுலபம். ஜூன் 15 அன்று, முடிந்த அளவு சாமான்களை அங்கேயே போட்டுவிட்டு, விமானி ரீசர்-லார்சென் படகைக் கிளப்பினார். ஆறு பேரும் உயிரோடு திரும்பினார்கள். அதே என்-25, பிறகு வேறு பதிவெண்ணோடு, 1930-இல் ஜெர்மன் விமானி ஃபான் குரோனாவ் ஓட்ட, அட்லாண்டிக்கைத் தாண்டி நியூயார்க் வரை போனது. ஒரு விமானத்துக்கு இதைவிட வேறென்ன பேர் வேண்டும்?

இந்தக் கதைக்குப் பிறகுதான் நம் தொழில்நுட்ப விவாதம் சூடுபிடித்தது. பறக்கும் படகைத் தண்ணீர்தான் தாங்குகிறது, பிடித்து இழுப்பதும் தண்ணீர்தான். அதனால்தான் அடிப்பக்கத்தில் ஒரு படி வைக்கிறார்கள். வேகம் கூடும்போது தண்ணீர் அந்தப் படியோடு பிரிந்துவிடும், பின்பாதியின் ஒட்டல் விடும். அதற்குக் கொஞ்சம் முன்னால்தான் இழுவை உச்சத்துக்குப் போகும். அந்த மேட்டைத் தாண்டாத படகு எழும்பாது. தரையில் அந்த மேடு கிடையாது. ஆனால் வேறு தொல்லை இருக்கிறது. நீர் தெறிக்காமல் இருக்க எஞ்சினை உயரத்தில் வைத்திருக்கிறார்கள், உராய்வோ வயிற்றடியில். மேலே தள்ள, கீழே பிடிக்க, மூக்கு குத்தப் பார்க்கும். டோர்னியர் வாலுக்கு இருபக்கமும் குட்டைத் துடுப்பு மாதிரி உடலோடு ஒட்டிய மிதவைகள் உண்டு. அதனால் பனியில் சாயாமல் உட்காரும். கேட்டலினாவுக்கு அது இல்லை, இறக்கை முனை மிதவைகள்தான். நம் மாதிரிகளிலும் இதே வித்தியாசத்தைப் பார்த்தோம்.

ஈரப் புல்லில் நம் டோர்னியர் வால் வழுக்கி எழுந்தது. காய்ந்த புல்லில் நகரவே இல்லை. கேட்டலினா எதிலும் சரிப்படவில்லை. ஒரு பக்கம் சாய்ந்து வட்டமடித்தது. அப்புறம் பழைய டிராலி பை சக்கரங்களை வைத்து ஒரு வண்டி செய்தோம். விமானம் அதன் மேல் உட்கார்ந்து ஓடும், எழும்போது வண்டி கீழே நின்றுவிடும். இந்த யோசனையும் புதிதல்ல. 1915 ஆகஸ்ட் 6 அன்று பிரிட்டிஷ் கடற்படையின் கேம்பேனியா கப்பல் மேல்தளத்திலிருந்து ஒரு சாப்வித் ஷ்னைடர் விமானம் இப்படித்தான் சக்கர வண்டியில் ஓடிக் கிளம்பியது. "அது மிதவை விமானம், பறக்கும் படகு அல்ல" என்று நம் துணைத்தலைவர் ஆட்சேபித்தார், குறிப்பேட்டில் பதிந்தாயிற்று. 1911-இல் அமெரிக்கக் கடற்படை விமானி எல்லிசன், அமெரிக்காவின் ஹாமண்ட்ஸ்போர்ட்டில், கரையிலிருந்து ஏரிக்குச் சரிவாகக் கட்டிய கம்பி மேல் சறுக்கிக் கிளம்பியதும் மிதவை விமானத்தில்தான். அந்த ஆட்சேபத்தையும் சேர்த்தே பதிந்திருக்கிறேன். 1915 நவம்பரில் அமெரிக்கக் கடற்படையின் நார்த் கரோலினா கப்பலிலிருந்து கேட்டபல்ட் என்ற எறிபொறி வைத்து எறியப்பட்ட ஏபி-2 மட்டும் அசல் பறக்கும் படகு. அதில் யாருக்கும் சண்டை இல்லை.

தண்ணீர் போதாவிட்டால் தண்ணீரையே உண்டாக்கிக்கொண்டவர்களும் உண்டு. 1939 மார்ச்சில் பிரிட்டிஷ் விமான நிறுவனமான இம்பீரியல் ஏர்வேஸின் கோர்சேர் என்ற பறக்கும் படகு வழிதவறி, எரிபொருள் குறைந்து, பெல்ஜியன் காங்கோவில் டுங்கு ஆற்றில் இறங்கிப் பாறையில் அடிபட்டது. பழுது பார்த்துக் கிளப்பியபோது மறுபடியும் பாறை. பிறகு ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்டி, நீரைத் தேக்கி, 1940 ஜனவரியில்தான் பறக்கவிட்டார்கள். நம் ஏரிக்கும் இப்படி ஒன்று செய்யலாமே என்று வந்த தீர்மானத்தைத் தலைவர் சிரித்துக்கொண்டே தள்ளுபடி செய்தார்.

தலைகீழ்க் கதையும் ஒன்று. 1943 மே மாதம் கடலில் தத்தளித்தவர்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய சண்டர்லேண்ட் வகைப் பறக்கும் படகு ஒன்றின் அடி கிழிந்துவிட்டது. தண்ணீரில் இறங்கினால் மூழ்கும் என்பதால் விமானி சிங்கிள்டன் வேல்ஸில் ஆங்கிள் விமானதளத்துப் புல்தரையில் இறக்கினார்.

ஆண்டுச் சுற்றுலாவாகச் சென்னை போய்ப் புழல் ஏரிக்கரையைப் பார்த்தோம். இரண்டாம் உலகப்போரில் அது ரெட்ஹில்ஸ் லேக் என்ற பெயரில் பிரிட்டிஷ் விமானப்படைத் தளம். 240-ஆம் ஸ்குவாட்ரனின் கேட்டலினாக்கள் அங்கிருந்துதான் வங்கக் கடல் மேல் போயின. சென்னையிலேயே பிறந்து வளர்ந்த நம் உறுப்பினர்கள் சிலருக்கும் இது செய்தி.

வண்டிச் சக்கரங்களை நேராக ஓட வைக்கும் வேலை இன்னும் பாக்கி. காற்று பக்கவாட்டில் அடித்தால் கேட்டலினா வரப்பை நோக்கித்தான் போகிறது. பட்டறை கொடுத்த நண்பருக்கும், ஓட்டப்பாதைக்குத் தரிசு நிலத்தைத் தந்த விவசாயிக்கும் சங்கம் நன்றி சொல்கிறது. புதிய செயற்குழுத் தேர்தல் இந்தக் கூட்டத்திலேயே நடக்கும். சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் வாக்களிக்கும் முன் பொருளாளரைப் பார்த்துவிடவும்.

இப்படிக்கு,
செயலாளர்