ஒத்தக் காதுல மட்டும் இரைச்சலா? எந்த ஸ்கேன்னு கேளுங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

உங்க மருத்துவப் பக்கத்துல காது இரைச்சல் பத்தி வந்தத படிச்சேன், வயசு, மில் சத்தம், சில மாத்திரைங்கன்னு காரணமெல்லாம் நல்லா எழுதிருந்தாங்க, ஆனா ரெண்டு காதுலயும் கேக்குறது வேற, ஒரே காதுல மட்டும் விடாம கேக்குறது வேறன்னு ஒரு வரி கூட இல்ல, அதுக்குத்தான் எழுதுறேன்.

எங்க அத்தைக்கு வலது காதுல மட்டும் ராத்திரி பகல்னு இல்லாம கொய்ங்ங்னு சத்தம். போன இடத்துலல்லாம் நரம்பு வீக்னஸ்னு விட்டமின் மாத்திரைதான். ஒரு தனியார் ஆஸ்பத்திரில தலைக்கு சிடி ஸ்கேன் எடுத்து ஒன்னுமில்லன்னு அனுப்பிட்டாங்க. ஆனா ஃபோன வலது காதுல வச்சா சத்தம் கேக்குது, என்ன வார்த்தைன்னு மட்டும் பிடிபட மாட்டேங்குதுன்னு இடது பக்கம் மாத்தி மாத்தி வச்சுப்பாங்க. அடுத்து பாத்த ஈஎன்டி டாக்டர் இத கேட்டதுமே ஆடியோகிராம், அதாவது எந்தச் சத்தம் எவ்வளவு கேக்குதுன்னு கோடு போட்டுக் காட்டுற டெஸ்ட் எழுதுனாரு, அதுல இடது காது கோடு நேரா போகுது, வலது காது கோடு கீச்சுச் சத்தம் பக்கம் வந்ததும் சரசரன்னு கீழ இறங்கிருக்கு. அப்புறம்தான் எம்ஆர்ஐ, காதுலருந்து மூளைக்கு நரம்பு போற எலும்புக் குழாய்க்குள்ள சின்னதா ஒரு கட்டி.

வெஸ்டிபுலர் ஷ்வானோமான்னு பேரு. கேன்சர் கிடையாது, பெரும்பாலும் ரொம்ப மெதுவாத்தான் வளரும், சிலருக்கு வளராமலே கிடக்கும். ஆனா முகத்த அசைக்கிற நரம்பும் அதே குழாய்லதான் போகுது, பெருசானா மூளைத்தண்ட அழுத்தும், அதனால சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சுக்கிறது எவ்வளவோ நல்லது. இந்த சைஸ் கட்டி சாதாரண சிடில தப்பிச்சிடும், சிடி எலும்பத்தான் நல்லா காட்டும். எம்ஆர்ஐலயும் சும்மா பிரெயின்னு எழுதாம நரம்பு போற அந்த உள்காதுக் குழாய்க்குன்னு மெல்லிசா வெட்டி எடுக்கச் சொல்லணும், தேவைன்னா காடோலினியம் மருந்து ஊசி போட்டு எடுப்பாங்க, கிட்னி பிரச்சனையோ பேஸ்மேக்கரோ இருந்தா முன்னாடியே சொல்லிடணும்.

இத படிச்சிட்டு யாரும் பயப்பட வேண்டாம். ஒத்தக் காது இரைச்சலுக்கு ஸ்கேன் எடுக்குறவங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு கட்டி எதுவும் இருக்காது. ரெண்டு காதுலயும் ஒரே மாதிரி இரைச்சல், வேற தொந்தரவு இல்லன்னா ஸ்கேனே வேண்டாம்னுதான் அமெரிக்க ஈஎன்டி டாக்டர்கள் சங்கம் 2014ல போட்ட வழிகாட்டுதலும் சொல்லுது, அந்த மாதிரி நோயாளிங்ககிட்ட ஸ்கேனுக்குன்னு காசு புடுங்குறதும் தப்புதான். நாடித்துடிப்போட சேந்து டப் டப்னு கேட்டா அது வேற கதை, ரத்தக்குழாயப் பாக்குற ஸ்கேன் வேணும். திடீர்னு ஒரு காது கேக்காமப் போனா ஸ்கேனுக்கெல்லாம் காத்திருக்காம அன்னைக்கே ஈஎன்டி டாக்டரப் பாக்கணும், ஸ்டீராய்டு மருந்த சீக்கிரம் ஆரம்பிச்சாத்தான் பலன்.

எங்க ஊர்ல ஆடியோகிராம் எடுக்கவே மாவட்டத் தலைநகருக்கு பஸ் ஏறணும். தாலுகா ஆஸ்பத்திரிலயே அந்த மெஷினையும் அத எடுக்கத் தெரிஞ்ச ஆளையும் போடச் சொல்லி உங்க பேப்பர் எழுதணும், ஒத்தக் காது விஷயத்தையும் அடுத்த வாரமே அதே பக்கத்துல தனியா கட்டம் கட்டிப் போடுங்க ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி, விருதுநகர் மாவட்டம்